சீட்டில் ‘மதராஸ்’ என்று இருக்கிறது

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் தெருப்பூனை ஒன்று தன் இரவு வேட்டையைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. சாம்பல் நிறத்தில், நடுவிரலைவிடச் சற்றே நீளமான ஒரு சிறு உடல். பால் பாக்கெட் கொண்டுவந்த பையன் “எலிக்குட்டி சார்” என்றான். எதிர்வீட்டு அம்மா “சுண்டெலி” என்றார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த என் தாயார், “மூஞ்சூறுடா அது. பிள்ளையார் வாகனம். மிதித்துவிடாமல் ஓரமாக எடுத்து வை” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அது ஏன் சரி என்பதை நானும் பார்த்துவிட நினைத்து, கையுறை மாட்டிக்கொண்டு உடலைத் திருப்பினேன். மூக்கு கூம்பிப்போய்க் கீழ்த்தாடையைத் தாண்டி நீண்டிருந்தது. கண்கள் கடுகளவு. வால் அடியில் தடித்து நுனியில் மெலிந்து, அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட மயிர்கள். விலாவில் உள்ள சுரப்பியிலிருந்து கஸ்தூரி போல் ஒரு நெடி வீசியது. கொன்ற பூனை தின்னாமல் விட்டதற்கு அதுதான் காரணம். ஒரு குச்சியால் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எலி என்றால் உளி போன்ற முன்பற்கள், அவற்றுக்குப் பின்னால் பல்லே இல்லாத ஒரு வெற்றிடம், பிறகு கடைவாய்ப் பற்கள் என்று மொத்தம் 16 பற்கள்தான் இருக்கும். இதற்கு வெற்றிடமே இல்லை. ஊசி ஊசியாக 30 பற்கள் வரிசைகட்டி நின்றன. கரப்பானையும் மண்புழுவையும் நறுக்கித் தின்னும் வாய் அது.

மூஞ்சூறு எலி இனமே இல்லை. முள்ளெலிக்கும் ஐரோப்பாவின் அகழெலிக்கும்தான் அது பங்காளி. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இன்னும் வியப்பான உறவைச் சொல்கிறார்கள்: மூஞ்சூறுக்கு எலியைவிட வௌவாலும் மானும் திமிங்கலமும் நெருங்கிய சொந்தம், எலிக்கோ மூஞ்சூறைவிட மனிதர்களாகிய நாம் நெருங்கிய சொந்தம். 1766இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், ‘எலி போன்றது’ என்று பொருள்படும் ‘மியூரினஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தார். போன்றது என்றுதான் சொன்னார், எலி என்று சொல்லவில்லை. நம் வாசலில் நாம் செய்த தவறை அவர் செய்யவில்லை.

ஓர் ஊரின் காட்டுப் பாலூட்டிகளைப் பட்டியலிடும் வேலை இப்படித்தான் தொடங்குகிறது: கையில் ஓர் உடலோ, மண்டையோடோ, படமோ, கால்தடமோ இருக்க வேண்டும், அதில் இன்ன அடையாளத்தைப் பார்த்து இன்னதென்று முடிவு செய்தேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். சென்னையில் என்னென்ன காட்டு விலங்குகள் இருக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் ‘கிண்டி மான்’ என்ற பதில்தான் முதலில் வரும். மான்கள் இருப்பது உண்மைதான். ஆனால் உலகில் இன்று அறியப்பட்ட பாலூட்டிச் சிற்றினங்களை 2018இல் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த 6,495இல், ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகள். ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். எந்த ஊரின் பட்டியலை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி இரவில் நடமாடும், உள்ளங்கைக்குள் அடங்கும் உயிர்களாகத்தான் இருக்கும். சென்னையின் பட்டியலும் அப்படியே. நாம் பார்க்காதவைதான் அதில் அதிகம்.

இந்த வேலையில் சென்னைக்கு ஒரு பழைய பங்கு உண்டு. உலக அருங்காட்சியகங்களில் தூங்கும் பல விலங்கு மாதிரிகளின் அடையாளச் சீட்டில் ‘மதராஸ்’ என்ற பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது எந்த உடலைப் பார்த்து விவரித்தார்களோ, அதற்கு வகைமாதிரி என்று பெயர். நாளை ஐயம் வந்தால் அந்த உடலைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். அது கிடைத்த இடம் வகையிடம். வயிறு மஞ்சளாக இருக்கும் ஒரு பூச்சித்தின்னி வௌவாலை 1831இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற விலங்கியலாளர் விவரித்தார், வகையிடம் மதராஸ். வயிற்றில் மயிர் குறைந்த தென்னிந்திய முள்ளெலியை 1851இல் அவரே விவரித்தார், வகையிடம் மதராஸ். 1908இல் காப்ரேரா பெயரிட்ட தேவாங்குக்கும் வகையிடம் மதராஸ்தான்.

இதைப் படிக்கும் சென்னைவாசிக்குப் பெருமையாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் சிக்கல் புரிந்தது. அந்தச் சீட்டில் ‘மதராஸ்’ என்பது எதைக் குறிக்கிறது? ஜார்ஜ் கோட்டையைச் சுற்றியிருந்த நகரத்தையா? கஞ்சம் முதல் திருநெல்வேலி வரையும், மேற்கே மலபார் வரையும் பரந்து கிடந்த மாகாணத்தையா? அல்லது பெட்டி கப்பலேறிய துறைமுகத்தை மட்டுமா? மலைக்காட்டில் பிடித்த விலங்கும், வயல்வெளியில் கிடைத்த விலங்கும், சந்தையில் வாங்கிய விலங்கும் ஒரே துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின. ஒரே சொல் எல்லாவற்றின் கழுத்திலும் தொங்கியது. முள்ளெலியை இன்று தேடுகிறவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, கோயம்புத்தூர்ப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குத்தான் போகிறார்கள். அதன் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்து இருமலுக்குக் கொடுக்கும் வழக்கமும் அந்தப் பக்கங்களில்தான். 1851இன் ‘மதராஸ்’ முள்ளெலி நம் நகர எல்லைக்குள் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இடம் தெளிவாக எழுதப்படாத ஒரு மாதிரியால், ஒரு விலங்கு ஓர் இடத்திலிருந்து அழிந்துபோனதா, ஆரம்பத்திலிருந்தே அங்கே இல்லையா என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகிறது. எனக்கு இந்த இழப்பு, ஒரு மாதிரி தொலைந்துபோவதைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

அன்று சேகரித்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் மருத்துவர்களும். 1812இல் தொடங்கிய மதராஸ் இலக்கியச் சங்கத்தின் இதழில்தான், 1839இல் வால்டர் எலியட் தென் மராட்டிய நாட்டின் பாலூட்டிப் பட்டியலை வெளியிட்டார். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் பிறந்தது; அதன் வளாகத்தில் அவர் வளர்த்த விலங்குகள்தாம் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போன மிருகக்காட்சிசாலையின் தொடக்கம். 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்டனும் மதராஸ் படையின் மருத்துவர். இவர்களுக்கு விலங்கைப் பிடித்துக் கொடுத்தவர்கள், பெயர் சொன்னவர்கள், வளையைக் காட்டியவர்கள் பெயர்கள் சீட்டில் ஏறவில்லை. அவர்கள் சொன்ன விலங்குப் பெயர்கள் மட்டும் சில இடங்களில் தப்பிப் பிழைத்தன.

அப்படிப் பிழைத்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மூங்கில் அணத்தான்’. அணிலைப் போலவே இருக்கும், ஆனால் கூர்மூக்கு. முதுகில் கோடு இல்லை. தோளில் வெளிர் கோடு ஒன்று உண்டு. 1850இல் வாட்டர்ஹவுஸ் இதை விவரித்து எலியட்டின் பெயரைச் சூட்டினார். ஆங்கிலத்தில் இதன் பெயரிலும் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வகைமாதிரி வந்ததோ கடப்பாவுக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளிலிருந்து. 1913இல் லயன் என்பவர் இதற்குத் தனிப் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்க்கும் தொகுதி) அமைத்தபோது, தமிழ்ப் பெயரையே எடுத்து ‘ஆனதானா’ என்று வைத்தார். உலகின் எந்த மூலையில் இருக்கும் விலங்கியலாளரும் இதைச் சொல்லும்போது ‘அணத்தான்’ என்ற தமிழ்ச் சொல்லைத்தான் உச்சரிக்கிறார். இந்த விலங்கையும் இதன் உறவினங்களையும் ஒரு காலத்தில் மூஞ்சூறோடு சேர்த்தார்கள். பிறகு குரங்கு வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது இரண்டிலும் சேராத தனி வரிசை. ஊர்க்காரர்களோ அணிலிடமிருந்து அதைப் பிரித்துத் தனிப் பெயரிட்டே அழைத்துவந்தார்கள்.

பெருச்சாளியின் கதையும் இதே மாதிரிதான். தெலுங்கில் அது ‘பந்திகொக்கு’, பன்றியெலி. அந்தச் சொல் வெள்ளைக்காரர் நாவில் ஏறி, ‘பாண்டிகோட்டா’ என்று பேரினப் பெயராக நிலைத்தது. அதோடு நிற்காமல் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய், எலிக்குக் கொஞ்சமும் உறவில்லாத, வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் ஒரு விலங்குக்கும் பெயராகிவிட்டது.

நம்மிடம் இதைவிடப் பழைய வகைப்பாடும் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அதே மரபியலில் இளமைப் பெயர்களைச் சொல்லும் இடத்தில், மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்ற பெயர் உரியது என்று ஒரு நூற்பா வருகிறது. மூங்கா என்பது கீரி. வெருகு என்பது காட்டுப்பூனை. ‘மூவரி அணில்’ என்ற சொல்லைப் பாருங்கள். இந்திய அணில்களில் வடக்கே பரவலாக இருப்பது முதுகில் ஐந்து கோடுகள் கொண்டது. நம் வீட்டுக் கொய்யா மரத்தில் ஓடுவது மூன்று கோடுகள் கொண்டது. இன்று இரண்டும் தனித்தனிச் சிற்றினங்கள். அந்த நூற்பா இலக்கணத்துக்காக எழுதப்பட்டதே தவிர விலங்கியலுக்காக அல்ல என்பது தெரிந்ததுதான். ஆனால் கோட்டை எண்ணிப் பார்த்து அதையே அடைமொழியாக வைத்த ஒரு கண் அங்கே இருந்திருக்கிறது. அடையாற்றங்கரைப் பூங்காவுக்குத் தொல்காப்பியர் பெயரை வைத்திருக்கிறோம். அங்கே ஓடும் அணிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூற்பா நினைவுக்கு வருகிறது.

மக்கள் வழக்குப் பெயர்கள் எல்லாமே இவ்வளவு துல்லியம் என்று சொல்ல வரவில்லை. ‘குள்ளநரி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சில பக்கங்களில் அது கூட்டமாக ஊளையிடும் பெரிய நரி; வேறு பக்கங்களில் வால் உடலில் பாதிக்கு மேல் நீண்டு நுனி கறுத்திருக்கும் சிறிய நரி. அறிவியலில் இவை இரண்டும் வேறு வேறு பேரினங்கள். கிண்டியில் இருப்பது ஊளையிடும் நரி. ‘சாலையில் குள்ளநரி அடிபட்டுச் செத்தது’ என்று ஒரு செய்தி வந்தால், கூடவே படம் இல்லாவிட்டால், எது செத்தது என்று தெரியாது. ‘மரநாய்’ நாயல்ல, ‘புனுகுப்பூனை’ பூனையல்ல. இரண்டும் ஒரே குடும்பத்து உறவுகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறொரு விலங்கையும் மரநாய் என்கிறார்கள். அறிவியல் பெயரும் எப்போதும் உண்மை பேசுவதில்லை. மரநாய்க்கு 1777இல் பல்லாஸ் வைத்த பெயரின் பொருள் ‘ஆணும் பெண்ணுமானது’. ஆண், பெண் இரண்டுக்குமே வால் அடியில் இருக்கும் மணச்சுரப்பியைப் பார்த்து ஏற்பட்ட குழப்பம் அது. தவறென்று தெரிந்த பிறகும் பெயரை மாற்ற முடியாது. முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. ஆகவே பெயரின் பொருளை நம்பாமல், பெயர் எந்த உடலைச் சுட்டுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி கிண்டிக்கு வருவோம். சுமார் 270 ஹெக்டேர். 1978இல் தேசியப் பூங்கா ஆனது. ஆளுநர் மாளிகை வளாகமும், 1959இல் வந்த ஐஐடி வளாகமும் அதை ஒட்டியே இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்த நிலத்தைத்தான் இன்று சுவர்கள் பிரிக்கின்றன. இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய, குட்டையான, அடர்ந்த புதர்க்காடு. புள்ளிமான், வெளிமான், நரி, கீரி, மரநாய், புனுகுப்பூனை, முயல், குல்லாய்க் குரங்கு என்று பட்டியல் போகும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். ஆபத்து வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடித் தப்பிக்கும் விலங்கு அது. மரங்கள் அடரும்போது புள்ளிமானுக்கு வசதி, வெளிமானுக்கு நெருக்கடி. ‘கிண்டியில் மான்கள் நிறைய இருக்கின்றன’ என்ற வாக்கியம் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. இரண்டையும் தனித்தனியே, ஆண்டுதோறும், ஒரே முறையில் எண்ணினால்தான் ஒன்று கூடுவதும் மற்றது குறைவதும் தெரியும்.

கிண்டிக்கு வெளியே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. வண்டலூர்க் காடு இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. பள்ளிக்கரணையின் பறவைகளை எண்ணப் பலர் வருகிறார்கள். அதன் நாணலுக்குள் ஓடும் எலிகளை எண்ண யாரும் முண்டியடிப்பதில்லை. எலி என்று ஒரே சொல்லால் நாம் ஒதுக்குவதில் வீட்டெலி, சுண்டெலி, வயல் சுண்டெலி, வெள்ளெலி, பெரிய பெருச்சாளி, சிறிய பெருச்சாளி என்று எத்தனையோ இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினருக்கு இவை எல்லாம் அத்துப்படி. வயல் வரப்பில் வளை வாயைப் பார்த்ததுமே, வெளியே தள்ளியிருக்கும் மண்ணின் அளவையும் ஈரத்தையும் கொண்டு உள்ளே இருப்பது எது, இப்போது இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவார்கள். அடியில் ஓட்டையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைப் புகையவிட்டு, வளை வாயில் பானையைக் கவிழ்த்து, ஓட்டை வழியாக வாயால் ஊதுவார்கள். மற்ற வாசல்களை அடைத்துவிட்டால் புகை உள்ளே போகும். பிறகு தோண்டி எலியையும், அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எலிகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது முறையாக உட்கார்ந்து எழுதினால், வடதமிழகக் கொறிவிலங்குப் பட்டியலுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

வௌவால்களிடம் வந்தால் வேலை இன்னும் கடினமாகிறது, எனக்கோ ஆர்வம் இன்னும் கூடுகிறது. எங்கள் தெருவில் நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன. குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் அதன் தொங்கும் இலைக்கொத்துக்குள் சில தண்டுகளைக் கடித்து ஒடித்து, குடை மாதிரி ஒரு கூடாரம் செய்துகொள்ளும். தமிழ்நாட்டு ஆய்வாளர்களே இதைக் கவனித்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் வௌவால் ஆய்வுகள் உலகம் அறிந்தவை. பகலில் மரத்தடியில் நின்று நேரே மேலே பார்த்தால், காதின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும் முகம் ஒன்று தலைகீழாக நம்மைப் பார்க்கும். காலையில் கார் கண்ணாடி மேல் சப்பித் துப்பிய நாட்டு வாதுமைச் சக்கை கிடக்கும், ஏசிக்கொண்டே துடைக்கிறோம். இந்தச் சிற்றினத்தின் வகையிடம் நம் தரங்கம்பாடி. அது டேனிஷ்காரர் கையில் இருந்த காலத்தில், 1797இல், வால் என்ற டேனிஷ் அறிஞர் இதற்குப் பெயரிட்டார்.

இந்த எளிய வௌவாலின் பெயரில்தான் இந்திய அருங்காட்சியக வரலாற்றின் பெரிய தவறு ஒன்று ஒளிந்திருந்தது. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் தேனிப் பக்கத்து மேகமலையில் ஒரு பழந்தின்னியைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். ‘குட்டைமூக்குப் பழந்தின்னி’ என்று சீட்டெழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தபோது, வால் இல்லை, காது விளிம்பில் வெள்ளைக் கோடு இல்லை, பற்களும் வேறு. புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினமே அது என்று கண்டு, 1972இல் சாலிம் அலியின் பெயரைச் சேர்த்து வெளியிட்டார். யாரும் அந்த இழுப்பறையைத் திறக்காமல் இருந்திருந்தால்? அந்த உடல் பத்திரமாக இருந்ததும், சீட்டில் இடமும் ஆண்டும் சரியாக இருந்ததும்தான் பிழையைத் திருத்த உதவின. பெயர் தவறாக இருந்தாலும் மற்ற விவரங்கள் சரியாக இருந்தால் மீட்டுவிடலாம். மதராஸ் முள்ளெலிக்குக் கிடைக்காத வாய்ப்பு இந்த வௌவாலுக்குக் கிடைத்தது.

அதே 1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற தீங்குயிர்ப் பட்டியல். அதில் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவால்களையும் சேர்த்திருந்தார்கள். ‘பழந்தின்னி வௌவால்கள்’ என்று ஒட்டுமொத்தமாக ஒரே சொல். இரவெல்லாம் பறந்து மகரந்தம் சுமந்து, நாவல் கொட்டையை ஊர் ஊராக விதைக்கும் உயிர்கள் அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டன. மேகமலை வௌவாலைப் பின்னர் அதிலிருந்து பிரித்து முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். தனிப் பெயர் கிடைத்திருந்ததால்தான் அது முடிந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தபோது தீங்குயிர் அட்டவணையே எடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. வகைப்பாடு என்பது ஆய்வுக்கூட விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

கடல் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். நம் மீனவர்கள் ஓங்கில் என்று அழைப்பதும் காட்டுப் பாலூட்டிதான். சென்னையின் பட்டியலில் அதற்கும் இடம் வேண்டும். ஓங்கிலும் திமிங்கலமும் இன்றைய வகைப்பாட்டில் கிண்டி மான்களின் அதே வரிசையில்தான் வருகின்றன. எழும்பூரில் தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், உடனே கால் எங்கே என்று தேடுவார்கள். தேட வேண்டிய இடமும் அதுதான். இடுப்பெலும்பின் எச்சம் திமிங்கலங்களின் உடலுக்குள் இன்னும் இருக்கிறது.

இன்று யாரும் பெட்டி பெட்டியாகச் சுட்டுச் சேகரிப்பதில்லை; அது நல்லதே. தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவைத்தால் மரநாயும் நரியும் தாமே வந்து படமெடுத்துக்கொள்கின்றன. எச்சத்திலிருந்தும் உதிர்ந்த மயிரிலிருந்தும் மரபணுவைப் பிரிக்க முடிகிறது. வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது. அதைப் பதிவுசெய்யும் கருவிகள் வந்துவிட்டன. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பொதுமக்கள் போடும் படங்கள் இடம், தேதி, நேரத்தோடு ஏறுகின்றன. ‘மதராஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்! சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஓர் உடலைக் கூட, பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, முகம், பல், பாதம், வால் என நான்கு படம் எடுத்துவிட்டால் அது சான்றாகிவிடும். வெறுங்கையால் தொடக்கூடாது; வனத்துறை அனுமதியில்லாமல் உடலை எடுத்துவைத்துக்கொள்ளவும் கூடாது.

ஆனால் படத்தால் எல்லாம் முடிவதில்லை. சிறிய பூச்சித்தின்னி வௌவால்களில் சில ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கோரமண்ட்ரா’. நம் சோழமண்டலக் கரையின் பெயர்தான் அது. முன்கையின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, பற்களை உருப்பெருக்கியில் பார்த்து, சில நேரம் ஆணின் பிறப்புறுப்பில் உள்ள எலும்பையும் ஒப்பிட்டால்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முடியும். படத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வைத்த பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவதற்குள் பத்துக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிவிடும். தெரிந்த அளவோடு நிறுத்துவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் ஓர் இடுக்கு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அங்கிருந்து மாலைதோறும் ஏழெட்டு வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கட்டைவிரல் அளவு உடல். அடையாற்றுப் பக்கம் திரும்பிக் கொசுக்களுக்குள் மறைந்துவிடும். நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுதிவருகிறேன். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கே கிளம்புகின்றன. ஆனியில் ஆறே முக்கால் ஆகிவிடுகிறது. சென்ற பங்குனியில் ஒரு நாள் 11 வந்தன. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ‘சிறிய பூச்சித்தின்னி வௌவால், சிற்றினம் தெரியவில்லை’ என்றே இருக்கிறது.